பைண்டிங்கில் விட்டுப்போன வாரம்

அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். நான், அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, அத்தையோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்த இரண்டு அக்காக்கள். ஒருத்தி மண்ணூர்க்காரி. இன்னொருத்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அம்மாவை முழுசாகக் கணக்கில் சேர்க்க முடியாது. விளம்பரம் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அத்தை ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு தொடர்கதை இருந்தது. வாரப் பத்திரிகையில் வருஷக்கணக்காக வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகமாக பைண்ட் செய்து, கடைசியில் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தார்கள். அதை வாங்கிவந்து திரும்பத் திரும்பப் படிப்பாள். லைனுக்குள் போனும் கூடாது, புத்தகமும் கூடாது. அதனால் கம்பெனி பஸ்ஸில் போகும்போது தினம் கொஞ்சம் கதை சொல்வாள். ஷிப்ட் மாறினாலும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். அவளுக்கென்று ஜன்னலோர சீட் பிடித்து வைப்பார்களாம்.

பிறகு அதே கதை டிவியில் சீரியலாக வந்தது. கல்யாண மண்டபக் காட்சி வருகிறது என்று தெரிந்ததும் அக்காக்கள் இரண்டு பேரும், முதல் ஷிப்ட் வாரமாக இருக்கவே, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

எனக்குத்தான் கவலை. மூன்றாம் பாகத்தில் அந்த ஒரு வாரத்துப் பக்கங்கள் கிடையாது. மணமேடையில் பெண் அழுகிறாள். பக்கத்தைத் திருப்பினால் கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்க்கிறாள். நடுவில் நடந்ததை அத்தையே இட்டுக்கட்டிப் பஸ்ஸில் சொல்லியிருந்தாள்: பெண்ணின் அண்ணனே கல்யாணத்தை நிறுத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிட்டான் என்று. டிவியில் வேறு மாதிரி வந்தால் அத்தையைப் பொய்க்காரி என்பார்களே, பஸ்ஸில் அப்புறம் யார் சீட் பிடிப்பார்கள்? கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்கென்று அது போகவே இல்லை. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கவலைப்படுவதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.

அத்தைக்கும் அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் தட்டு மாற்ற வருவதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

சீரியலில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் தனியாகப் பின்வாசல் வழியே இறங்கிப் போனாள். விளம்பரம் வந்தது.

மண்ணூர் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி இது, அண்ணங்காரன்தான பஸ் ஏத்தி வுட்டான்னு சொன்ன? இவன் குந்திகினு கீறான்?"

அத்தை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அந்த வாரம் பக்கமே இல்லக்கா. நானாத்தான் சொன்னேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பம் நீ சொன்னதுதாம்ட்டி நல்லாருக்கு" என்றாள் திருநெல்வேலி அக்கா. "இவன்லாம் ஒரு அண்ணனாக்கும்."

அம்மா அன்றைக்கு அடுப்படிக்குப் போகவில்லை. சோப்பு விளம்பரம் முடிந்து எண்ணெய் விளம்பரம் வந்தது. அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"உன் கதையில அந்த அண்ணன் இன்னா சொன்னான்?"

அத்தையும் திரையைத்தான் பார்த்தாள். "பெருசா ஒன்னும் சொல்லலண்ணா. உனக்கு வேணாம்னா வேணாம்மா, அப்டின்னான். அவ்ளோதான்."

சீரியல் மறுபடி தொடங்கியபோது அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வேப்பமரத்தடியில் அவர் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. வியாழக்கிழமை வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகக் கேட்டார்கள். இல்லைங்க, அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். நிறைய தடவை மன்னிப்புக் கேட்டார்.

எனக்குப் பெரிய நிம்மதி. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தால் வியாழக்கிழமை சீரியல் பார்க்க முடியாது, அதனால்தான் அப்பா இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அத்தையின் காதில் சொன்னேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சீரியல் பார்க்கக் கிடைத்ததற்கு ஒருத்தி இப்படியா அழுவாள் என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது.