கால்மாட்டில் நின்றவள்

அந்த நாட்களில் துறைமுகத்தில் எனக்கு இரவு ஷிப்டு. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்திருந்தேன். ராயபுரத்தில் என்னோடு ஒரே அறையைப் பங்குபோட்டவர் திருவொற்றியூரில் ஓர் இரும்புப் பட்டறையில் பகல் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் அவர் எழுந்துபோன பாயில் நான் படுப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவிர நாங்கள் உட்கார்ந்து பேசியதே கிடையாது.

குடிவந்த மூன்றாவது வாரம், பிற்பகலில் விழிப்புத் தட்டியபோது கால்மாட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். நேராகப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தால் மட்டும் கண்ணின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்படித்தான் அவளைச் சிறுகச் சிறுகப் பார்த்து வைத்தேன். ஈரத் தலை. ஏற்றிச் செருகிய புடவை. இடது காது மடல், தோடு போடும் இடத்தில் இரண்டாகக் கிழிந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தாள், வேறு யாரோ அங்கே படுத்திருக்க வேண்டும் என்பதுபோல.

ஒரு ஞாயிறு கஞ்சி குடிக்கும்போது அவர் கேட்டார். "இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துக் கீது? தூங்கறியா இல்லியா?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கிழிந்த காது என்றதும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எந்தக் காது?"

"இடது காதுண்ணே."

"என் பொஞ்சாதி," என்றார். "எண்ணூர்ல மீனுக்குப் போன எங்க படகு கவுந்து பூட்டா. ஒடம்பு கெடைக்கல."

அவருக்குக் கல்யாணமானதே எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகாமல் என் நேரத்தில் அவர் படுத்தார். நான் கடற்கரையில் கட்டுமர நிழலில் தூங்கினேன். மூன்று நாளும் அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. நான்காம் நாள், "நீ படு. நான் குந்திகினு இருக்கேன்," என்றார்.

விழித்தபோது அவர் கால்மாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்திருந்தார். அவருக்குப் பின்னால் அவள். அன்று பாயைப் பார்க்கவில்லை. அவருடைய உச்சந்தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடியிலிருந்து நீர் சொட்டியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"வந்துட்டாளா?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "உங்க பின்னாடி நிக்காங்க."

அவர் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்கி படகை நான் எட்துகினு போயிருக்கணும்," என்றார், என்னிடம் இல்லை. "ஜொரம்னு சொல்லிப் பாயில பட்துகினேன், நீ போன. ஜொரம் இல்ல புள்ள. சோம்பேறித்தனம்."

என்னை அறியாமல் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. சுவர் மட்டும் இருந்தது.

அதன் பிறகு அவள் வரவில்லை. அந்த மாதமே அவர் அறையைக் காலி செய்தார். எங்கே என்று கேட்டதற்கு, "மாமனார் வூட்டுக்கு. இத்த அவங்க கைல சொல்லணும்," என்றார்.

ஒரு வருடம் கழித்து மீன் ஏலத்தில் தோளில் கூடையோடு அவரைப் பார்த்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மச்சானுங்க அடிச்சானுங்க நைனா. அப்பால மாமியார் சோறு போட்டாங்க. அங்கியேதான் கீறேன்."