பின்னால் வந்த உழவு இயந்திரம்

நான் ஒரு குலை திராட்சை களவெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு நோர்வே கடவுச்சீட்டு கிடைத்த வருடம், மகளின் இலையுதிர்கால விடுமுறையில், ஒஸ்லோவிலிருந்து காரிலேயே பிரான்சின் நாட்டுப்புறத்துக்குப் போனோம். ஒரு திராட்சைத் தோட்டத்து மதிலில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கிளம்பும்போது, மனைவி வேண்டாமென்று சொல்லச் சொல்ல, ஒரு குலையை முறித்துக்கொண்டு காரில் ஏறினேன்.

இரண்டு நிமிடத்தில் பின்னால் ஓர் உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்தபடி வந்தது. ஓட்டியவர் கையை ஆட்டிக் கத்தினார். குண்டும் குழியுமான பாதையில் என் காரும் அதே வேகத்தில்தான் ஓடியது. பொலிஸ், வழக்கு, கடவுச்சீட்டைப் பறிப்பது வரை என் மனம் போய்விட்டது.

"சொன்னனான்தானே, கை வையாதேங்கோ எண்டு!" என்றாள் மனைவி.

"கதையை விட்டிட்டு இதைக் கெதியாச் சாப்பிடும். தடயம் இருக்கக் கூடாது!"

"அப்பா, ட்ராக்டருக்குப் பயந்தே ஓடுறீங்கள்?" என்று மகள் பின்னாலிருந்து சிரித்தாள்.

பாதை ஒரு களஞ்சியத்தின் முன் முடிந்தது. நான் இறங்கி, மிச்சக் குலையை அர்ச்சனைத் தட்டு மாதிரி இரு கைகளாலும் நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. மதிலில் நாங்கள் மறந்துவிட்டு வந்த மனைவியின் கைப்பையை என்னிடம் தந்தார். மூன்று கடவுச்சீட்டுகளும் அதற்குள்தான் இருந்தன. பிறகுதான் குலையைக் கண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் பிறந்த ஊரில், பின்னால் துரத்தி வந்த எந்த வாகனமும் எதையும் கொடுக்க வந்ததில்லை. அந்த மனிதர் அவ்வளவு தூரம் கத்திக்கொண்டே வந்தும், உதவத்தான் வருகிறார் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. களவைவிட அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.