சுவிசேஷமுத்துவின் அடுப்பு

பர்சானாவுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் ஒரு வாசம் வரும். தைல மரத்து இலையை ஈரத்தோடு நெருப்பில் போட்டால் தொண்டையைக் கவ்வுகிற ஒரு புகை எழுமே, அந்த வாசம். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு மட்டும் அடிக்கும். சில நாள் அதோடு விட்டுவிடும். சில நாள் கண்ணைச் செருக வைத்துக் கீழே தள்ளும்.

முதல் தடவை வந்தது அரவங்காட்டில், தகப்பனார் வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில், அவளுடைய பத்தொன்பதாவது வயதில். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை மறைக்கக் கூடாது என்று அவளே பிடிவாதமாக நின்றாள். அதனால் இரண்டு இடம் கலைந்தது. மூன்றாவதாக வந்த சர்தாருக்கு ஊட்டி மார்க்கெட்டில் கம்பளி, ஸ்வெட்டர் கடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சொல்லீட்டு வர்ற நோவு தானுங்களே. சொல்லாம வர்றதுக்குத்தான் பயப்படோணும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டதாகப் பர்சானா பின்னாளில் சொல்வதுண்டு.

ஊட்டியை அடுத்த சோலூரில் 2014 ஆகஸ்டில் ஒரு நிலம் வாங்கினார்கள். அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல், ஓட்டு வீடு ஒன்று, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகையில் முன்பு சுவிசேஷமுத்து என்பவர் தைலம் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் இறந்ததும் அவருடைய பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். செம்புக் கொப்பரையை எடைக்குப் போட்டவர்கள், கல் அடுப்பைப் பெயர்க்காமல் விட்டிருந்தார்கள்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பர்சானாவும் மகள் அல்ஃபியாவும் சோலூருக்கு வந்துவிடுவார்கள். ஊட்டியில் அப்போது சீசன். சர்தாருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கடைக்கு மேலிருக்கும் அறையிலேயே படுத்துக்கொள்வார். ஜூனில் பள்ளி திறக்கும் வரை தாயும் மகளும் பீட்ரூட்டும் பீன்ஸும் போடுவார்கள், பூண்டு பிடுங்கி விதைக்குக் கட்டித் தொங்கவிடுவார்கள், கோழி வளர்ப்பார்கள். மற்ற மாதங்களில் கீழ்த்தோட்டத்து ஏகநாதன் வீட்டில் நிற்கிற அவர்களுடைய மாடும் அந்த இரண்டு மாதம் இங்கே கொட்டகைக்கு வந்துவிடும்.

மற்ற மாதங்களில் குடியிருந்த, கடைக்கு மேலிருந்த அறையில் பர்சானா நோயாளி. அடுப்புப் பக்கம் போகக் கூடாது, மாடிப்படியில் ஒருவர் கூட வர வேண்டும், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியே வைத்திருந்தார்கள். சோலூரில் அவள் வெள்ளாமை செய்கிறவள். அதற்கு சர்தார் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "தனியா மட்டும் இருக்கப்படாது. ஒரு வில்லங்கம்னு காதுல விழுந்துச்சுன்னா, நெலத்தைக் குத்தகைக்கு உட்டுருவேன்." ஆகவே ஏழு வயதிலிருந்தே அல்ஃபியா கூடவே இருந்தாள். மாத்திரையைக் காலையிலும் இரவிலும் எடுத்துக் கொடுப்பதும், வாசம் வந்தால் அம்மாவைப் படுக்க வைப்பதும் அவள் பொறுப்பு.

வாசத்துக்குப் பெயர் வைத்தவள் ஏகநாதனின் மனைவி உஷா. முதல் வருஷமே பர்சானாவுக்கு வாசம் அடிக்கிறது என்று கேள்விப்பட்டு, கையில் இரும்புச் சாவியோடு ஓடி வந்தாள். "அது சுவிசேஷமுத்து அடுப்புங்க்கா. செத்தாலும் அந்த மனுசன் வேலையை உடமாட்டாரு" என்றாள். சாவியைக் கையில் வைத்தால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று அல்ஃபியா அவளுக்கு எடுத்துச் சொன்னாள். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. அன்று முதல் வீட்டில் வலிப்பு என்ற சொல்லே கிடையாது. "இன்னைக்குச் சுவிசேஷமுத்து வந்தாராம்மா?" என்பாள் மகள். "வந்தாரு, டீ குடிக்காமப் போயிட்டாரு" என்பாள் தாய்.

இந்த வாசம் அரவங்காட்டிலும் வந்தது, கோயம்புத்தூர் பஸ்ஸிலும் வந்தது என்பது பர்சானாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சோலூரில் வருகிறபோது அதற்கு ஓர் இடம் இருந்தது, ஓர் ஆள் இருந்தார். மாடு கறக்கப் போகும்போது அந்தக் கல் அடுப்பை அவள் ஒரு பார்வை பார்க்காமல் உட்கார்ந்ததில்லை.

2023 ஏப்ரல் கடைசியில் கோடை மழை தவறியது. மேட்டுச் சரிவில் தைல இலைச் சருகு கணுக்காலளவு கிடந்தது. ஒரு நாள் பிற்பகல் தாயும் மகளும் வீட்டுக்கு முன்னால் பீட்ரூட் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பர்சானா களைக்கொத்தைத் தள்ளி வைத்தாள்.

"அல்ஃபி, சுவிசேஷமுத்து வந்துட்டாரு."

அல்ஃபியா துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்து, அம்மாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தோளில் கை வைத்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பர்சானா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வலிப்பு வரவில்லை. வாசமும் போகவில்லை. அவ்வளவு நேரம் அது நின்றதே இல்லை. இன்றைக்கு உட்கார்ந்து காய்ச்சுகிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். தோளில் இருந்த மகளின் கை அவள் சட்டையைக் கொத்தாகப் பற்றியது. என்னடி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றது அந்தக் குரல். மாடு கத்துவது கேட்டது. வாசத்தோடு இப்போது சத்தமும் சேர்ந்துகொண்டது என்று அவளுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டாள்.

கீழேயிருந்து ஏகநாதன் போட்ட கூச்சலில்தான் எழுந்தாள். வீட்டுக் கூரைக்கு மேலே புகை நின்றது.

சரிவில் யாரோ வைத்த தீ. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. காற்று திரும்பியதும் சருகு வழியாக இறங்கி, கொட்டகையின் வைக்கோலைப் பிடித்திருந்தது. ஏகநாதன் ஓடி வந்து கயிற்றை அறுத்தார். மாடு முதுகு கருகி வெளியே பாய்ந்தது. அதன் கன்று உள்ளே அடுப்போரமாகக் கட்டியிருந்தது. அதற்குள் கூரை இறங்கிவிட்டது.

தீ அடங்கிய பிறகு ஏகநாதன் மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் இத்தனை கிட்ட இருந்தீங்க. பொக வாசங்கூடவா அடிக்கலை?" என்றார்.

சர்தார் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார். யாரையும் திட்டவில்லை. கன்றைப் புதைக்கக் குழி வெட்டினார். பிறகு ஏகநாதனிடம் போய், நிலத்தை அவரே பார்த்துக்கொள்ளும்படி பேசி முடித்துவிட்டு வந்தார். பர்சானாவால் மறுக்க முடியவில்லை. வலிப்பு வந்து கெட்டிருந்தால்கூட நோயின் மேல் பழியைப் போடலாம். வந்ததோ நெருப்பு.

தண்ணீர்த் தொட்டியோரம் காலில் ஒட்டிய கரியைக் கழுவிக்கொண்டிருந்த அல்ஃபியா, தலை நிமிராமல் சொன்னாள்:

"எனக்கும் அடிச்சுதும்மா."

"எப்போ?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏண்டி சொல்லலை?"

"எனக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

இந்த வீட்டில் புகை வாசம் என்றால் நெருப்பு இல்லை என்று பர்சானா மகளுக்கு ஒன்பது வருஷமாகச் சிரித்துச் சிரித்துக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். பாடம் நன்றாகவே பதிந்திருந்தது.

கோயம்புத்தூரில் அல்ஃபியாவின் தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். "இப்போதைக்கு ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். ஒண்ணுமில்லை என்பதைச் சர்தார் பிடித்துக்கொண்டார். தாய்க்கும் மகளுக்கும் இப்போதைக்கு என்பதுதான் காதில் நின்றது.

அடுத்த கோடையை அவர்கள் கடைக்கு மேலேயே கழித்தார்கள். ஊட்டி மார்க்கெட்டில் எதுவும் எரியாத நேரம் கிடையாது. சோளக்கதிர் சுடுவார்கள், வர்க்கி பிஸ்கட் சுடுகிற அடுப்பு புகையும், பஸ் புகை ஜன்னல் வழியாக ஏறி வரும். ஒவ்வொன்றுக்கும் அல்ஃபியா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். நடைபாதையில் உட்கார்ந்தாள், பள்ளி திறந்த பிறகு வேதியியல் கூடத்தில் உட்கார்ந்தாள். பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். மூக்கு சரியாக இருக்கிறதா என்று பாட்டில்களின் மூடியை மோந்து பார்ப்பதும், பர்சானாவிடம் வந்து ஏதாவது தீய்கிறதா என்று கேட்பதும் வழக்கமாயின. தீய்கிறது என்று சொன்னால் முகம் தெளியும். அந்தத் தெளிவு அடுத்த புகை வரைதான்.

கடைசியில் அவளே அப்பாவிடம் கேட்டாள். "சோலூர் போலாம் அத்தா. இங்கே எது எரியுதுன்னே தெரிய மாட்டேங்குது. அங்கேன்னா திரும்பிப் பாத்தாத் தெரியும்."

சர்தார் அன்று கடை திறப்பதற்கு முன்பே ஏகநாதனுக்குப் போன் செய்தார். ஏகநாதன் தகராறு எதுவும் செய்யவில்லை. "எடுத்துக்குங்க. நெலம் உங்க ஊட்டம்மா சொல்லைத்தான் கேக்குது. எனக்குப் பீட்ரூட்ல எலையாத்தான் உடுது" என்றார்.

2025 ஏப்ரலில் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். இப்போது ஒரு புது ஏற்பாடு. வாசம் யாருக்கு அடித்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவள் தனக்கு அடிக்கிறதா இல்லையா என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் அடித்தால் நெருப்பைத் தேட வேண்டும். ஒருத்திக்கு மட்டும் என்றால் அவள் உட்கார வேண்டும். சுவிசேஷமுத்துவின் பெயரை யாரும் எடுப்பதில்லை. கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டாயிற்று. மாடு மட்டும் உள்ளே கால் வைக்க மறுத்துவிட்டது. எத்தனை இழுத்தும் வாசலில் நின்று கல் அடுப்பைப் பார்த்துக் கத்தும். அதைக் கொய்யா மரத்தடியில் கட்டினார்கள்.

பர்சானாவுக்கு அந்த ஏப்ரலில் இரண்டு முறை வாசம் வந்தது. இரண்டு முறையும் மகள் தனக்கு இல்லை என்றாள். இரண்டு முறையும் அவள் உட்கார்ந்தாள். அல்ஃபியா முகத்தில் பழைய கலகலப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

மே மாதம் ஒரு காலை. ராத்திரி மழை பெய்து, மேட்டிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த அல்ஃபியாவின் கை கொடியிலேயே நின்றது.

"அம்மா, அடிக்குதா?"

பர்சானா மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஈர மண், பீன்ஸ் இலை, சாணம். வேறொன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். சரிவு நனைந்து கிடந்தது. கொட்டகையில் புகை இல்லை. ஏகநாதன் வீட்டுக் கூரையிலும் இல்லை. அடிக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் போதும். பெண் முகம் தெளிந்து நெருப்பைத் தேடிப் போய்விடுவாள். அந்தச் சொல் நாக்கு வரை வந்தது.

"எனக்கு இல்லை" என்றாள். "உட்காரு."

கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்து, மகளை இடப்பக்கமாகப் படுக்க வைத்தாள். தோளில் கை வைத்தாள். இத்தனை வருஷமும் அந்தக் கைக்குக் கீழே இருந்தவள் அவள். மேலே இருக்கிறவளுக்கு நேரம் இவ்வளவு நீளம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கொய்யா மரத்தடியில் மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. கொட்டகைப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றது.

"போயிருச்சும்மா" என்றாள் அல்ஃபியா, கண்ணைத் திறக்காமல்.

பர்சானா கையை எடுக்கவில்லை. மாடு இன்னும் தலையைத் தாழ்த்தவில்லை.