இடது விலாவில் திரும்பிய முள்

“பசு, சிவலை, இரண்டாம் ஈற்று. தீனி எடுக்கவில்லை. முதுகைக் கூனி நிற்கிறது. காந்தம் கொடுக்கப்பட்டது.”

தென்காசிப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்தபோது, சாரல் ஓய்ந்த ஒரு புரட்டாசியில் நான் பதிவேட்டில் எழுதியது இது.

பசு பேச்சியம்மாளுடையது. குற்றாலச் சீசனில் ஐந்தருவியில் பலாச்சுளை விற்பவர். கடைகளைப் பிரித்தபோது கீழே கிடந்த கம்பித் துண்டைப் பழக்கழிவோடு சேர்த்து விழுங்கியிருக்கும் என்றார் டாக்டர். விரல் நீளக் காந்தம் ஒன்றைத் தொண்டை வழியே இறக்கினார். அது வயிற்றில் தங்கிக் கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதயத்தைக் குத்த விடாது. பிறகு வெளியே வராது. பசு பிழைத்தது.

அடுத்த ஆனியில் அது காணாமல் போனது. சீசன் இல்லாத மாதங்களில் அதன் பால்தான் பேச்சியம்மாளுக்கு வருமானம். செங்கோட்டையில் ஒரு வியாபாரியின் தொழுவத்தில் நிற்பதாகத் தகவல் வந்ததும் என்னையும் அழைத்துப் போனார். காதில் மாட்டிய அடையாள வில்லை இல்லை; அறுந்த தழும்புதான் இருந்தது.

“யக்கா, நான் துட்டு குடுத்து வாங்குன மாடு. செவலையா இருந்தா ஒங்க மாடாயிருமா?” என்றார் வியாபாரி.

காந்தம் போட்ட மாடுகளைச் சோதிக்க மருந்தகத்தில் வைத்திருந்த திசைகாட்டும் காம்பஸை நான் எடுத்து, பசுவின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் விலாவோரம் பிடித்தேன். வடக்கே நின்ற முள் சட்டென்று மாட்டின் பக்கம் திரும்பியது.

“உள்ள காந்தம் இருக்கு, அண்ணாச்சி.”

“இருக்கட்டும் சார். ஊர்ல இந்த ஒரு மாட்டுக்குத்தான் காந்தம் போட்டியளோ?”

நியாயமான கேள்வி. பல மாடுகளுக்குப் போட்டிருந்தோம்.

பேச்சியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. பசுவைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஏட்டி சிவப்பி! அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? இங்கன வா!”

பசு ஒரே இழுப்பில் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் கையை நக்கியது.

வியாபாரி சிரித்துவிட்டார். “காந்தம் வெளியிலல்லா நிக்கு சார்! யக்கா, கூட்டிட்டுப் போங்க. எனக்கு வித்தவன நான் பாத்துக்கிடுதேன்.”

இப்போது பணியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முள் காட்டுவது உள்ளே காந்தம் உண்டு என்பதை மட்டும். மாடு யாருடையது என்பதை அல்ல. அறிக்கையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

குரலைக் கேட்டுத்தான் பசு வந்தது என்றும் நான் எழுதமாட்டேன். பேச்சியம்மாள் அன்று பலா அறுத்த கையைக் கழுவாமலே பஸ் ஏறியிருந்தார். அவர் கூப்பிட்ட அதே நேரம் பக்கத்தில் கட்டியிருந்த எருமையும் கயிற்றை இழுத்தது. பசு வந்தது குரலுக்கா, பலா வாசனைக்கா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.