பழைய தேதியில் ஒரு முத்திரைத்தாள்

நான் முத்திரைத்தாள் விற்றவன். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, சந்தைக்குப் போகிற ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, பூட்டு வைத்த ஒரு தகரப் பெட்டி. நிலம் வாங்குகிறவன், விற்கிறவன், அண்ணன் தம்பியோடு பாகம் பிரிக்கிறவன், எல்லோரும் முதலில் என்னிடம் வந்து தாள் வாங்கியாக வேண்டும். நிலம் உள்ளவர்கள் என்றால் ஊரில் தனி மரியாதை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்த எனக்கு அந்த மரியாதை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அணா போய் நயா பைசா வருவதற்கு ஒரு வருஷம் முன்பு எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. சுரங்கத்துக்காகச் சங்கிலி போட்டு நிலத்தை அளந்துகொண்டிருந்த சமயம். எட்டாவது பாஸ் செய்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன். படிப்பு போதும், ஆனால் சொந்த நிலம் இல்லையென்றால் நிலம் உள்ளவர் ஒருவர் எனக்கு ஜாமீனாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. என் அப்பா ஒரு பண்ணையில் ஏர் ஓட்டியவர். அந்தப் பண்ணைக்காரரிடம் போனேன். நான்கு நாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்க வைத்தார். ஐந்தாம் நாள், பல் குத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"உங்கப்பன் சோறு தின்ன வூடுடா இது. லைசென்ஸ் வந்ததும் மறந்துடாத."

மறக்க விட்டால்தானே. லைசென்சை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், வருஷா வருஷம் அவர் கையெழுத்து வேண்டும். அதனால் வருஷா வருஷம் மாட்டுக் கொட்டகை. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக குவார்ட்டர்ஸ் எழும்பியது, கம்பெனி பஸ் ஓடியது, எங்கெங்கிருந்தோ வந்தவன் எல்லாம் பர்மனென்ட் ஆனான். நான் சாணி நாற்றத்தில் நின்றேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தாள் விற்றால் பின்பக்கம் வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், என் பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்து எல்லாம் எழுத வேண்டும். ரிஜிஸ்டரிலும் அதே எண்ணில் ஒரு வரி ஏற வேண்டும். நடுவில் இடம் விடக் கூடாது என்பது சட்டம். இரண்டு மூன்று வரி காலியாக விட்டு வைப்பது வழக்கம். ஏனென்றால் ஆறு மாதம் கழித்து எவனாவது வருவான், போன பொங்கலுக்கு முன்னாலேயே எழுதிய மாதிரி ஒரு பத்திரம் வேண்டும் என்பான். அவனுக்கு அந்தக் காலி வரி. அதற்கு 'அவசர வரி' என்று பெயர் வேறு வைத்திருந்தார்கள். தங்கச்சி பாகத்தை விழுங்குவது அவசரம். செத்தவன் கைநாட்டை உயிரோடு இருந்தபோது வாங்கியதாகக் காட்டுவது அவசரம்.

நான் விடவில்லை. பொழுது சாய்ந்து பெட்டியைப் பூட்டும்போது கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு இழுத்துவிடுவேன். நான் யோக்கியன் என்பதால் இல்லை. பயம். லைசென்ஸ் போனால் காண்ட்ராக்டரிடம் மண் சுமக்கப் போக வேண்டும்.

பக்கத்தில் இன்னொருத்தன் பெட்டி போட்டான். எனக்கு ஆறு வருஷம் பின்னால் லைசென்ஸ் வாங்கியவன். நான் கோடு போடும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பான்.

"இன்னாண்ணே, மூச்சு வுட ஒரு வரியாச்சும் வுட மாட்டியா?"

"நீ வுட்டு வச்சிருக்கியே, அதுல போய் மூச்சு வுடு."

சிரிப்பான். அவனுக்கு ரோஷம் கிடையாது.

நான் லைசென்ஸ் வாங்கி எட்டு வருஷம் இருக்கும். சுரங்கத்துக்கு இன்னும் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. நிலம் கொடுக்கிற குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பேச்சு பரவியது. பண்ணைக்காரருக்கு மூன்று பிள்ளைகள். எல்லாம் ஒரே அடுப்பு. ஒரே குடும்பம் என்றால் ஒரே வேலை. ஆகவே மூன்று பேரும் எப்போதோ தனித்தனியாகப் பிரிந்துவிட்டதாகக் காட்ட ஒரு கூர்ச்சீட்டு, அதாவது வீட்டுக்குள்ளேயே எழுதிக்கொள்ளும் பாகப் பட்டியல், வேண்டும். அதுவும் இந்தப் பேச்செல்லாம் கிளம்புவதற்கு முந்தைய தேதியில். பட்டப்பகலில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நீ லைசென்ஸ் வாங்கின வருசத்து தேதியில ஒரு தாள் குடு."

"இல்லீங்க."

"ரிஜிஸ்டர்ல எடம் இருக்குமேடா."

"கோடு போட்டுட்டேங்க."

"நான் போட்ட கையெழுத்துலதான்டா நீ இங்க குந்திக்கினு இருக்க."

"குந்திக்கினு இருக்கணும்னுதாங்க குடுக்க மாட்டன்றேன்."

எழுந்து போனார். போகும்போது பக்கத்துப் பெட்டியில் நின்று ஏதோ பேசினார். நான் கண்டுகொள்ளவில்லை. அதுதான் என் தப்பு.

இரண்டு மாதம் கழித்து எனக்கு நோட்டீஸ் வந்தது. நான் பழைய தேதியில் முத்திரைத்தாள் விற்றதாகத் தெரிகிறதாம், என் லைசென்சை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டுமாம். படித்ததும் கை உதறியது. என் பெண்சாதி கேட்டாள்: "செஞ்சியா?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு ஒதறுது?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். இந்த நாட்டில் செய்தவனுக்கு எப்போது கை உதறியது?

முதல் வருஷ ரிஜிஸ்டரைப் பரணிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். பண்ணைக்காரரும் மூன்று பிள்ளைகளும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி வெள்ளை வேட்டியில். பண்ணைக்காரர் நிலம் எடுக்கும் ஆபீசில் கொடுத்து, தேதி மேல் சந்தேகம் கிளம்பியிருந்த கூர்ச்சீட்டை ஆபீசர் என்னிடம் நீட்டினார்.

பின்பக்கம் பார்த்தேன். என் பெயர், என் லைசென்ஸ் எண், எழுத்து மட்டும் என்னுடையது இல்லை. பக்கத்துப் பெட்டிக்காரன் எழுத்து. அவனுக்குத்தான் அந்த வருஷத்தில் லைசென்சே கிடையாதே, அதனால் என் பெயரைப் போட்டிருக்கிறான். வரிசை எண் முப்பத்தொன்று. என் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். அந்தத் தேதியில் பதினான்கோடு முடிந்து, கீழே சிவப்புக் கோடு. முப்பத்தொன்று வேறு மாதத்தில், வேறு ஆள் பெயரில் இருந்தது.

"நீயே ரெண்டு ரிஜிஸ்டர் வச்சிருந்தா?" என்றார் ஆபீசர்.

தாளைத் திருப்பினேன். முன்பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னய்யா சிரிப்பு?"

"வெல எவ்ளோன்னு பாருங்க சார்."

ஒரு ரூபாய் ஐம்பது நயா பைசா என்று அச்சடித்திருந்தது. கூர்ச்சீட்டின் தேதியில் நாட்டில் நயா பைசாவே கிடையாது. அணாதான். எழுதிய மடையன் பின்பக்கத்தைத்தான் பார்த்தான். வாங்கிய மடையர்கள் பாகத்தைத்தான் பார்த்தார்கள். நோட்டீஸ் அனுப்பிய மகானுபாவர்களும் இத்தனை நாள் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஆபீசருக்கு முகம் கறுத்தது. அந்தக் கோபத்தைப் பண்ணைக்காரர் மேல் காட்டினார்.

"நாசிக் கவர்மென்ட் பிரஸ்ல அச்சடிச்சி உங்க வீட்டுக்கு மட்டும் முன்கூட்டியே அனுப்பிட்டாங்களாய்யா?"

"பழைய பொட்டியில கெடந்துது சார். நான் இன்னா கண்டேன்" என்றார் பண்ணைக்காரர்.

அது யார் எழுத்து என்று நான் சொன்னேன். "அது தனி விசாரணை" என்றார் ஆபீசர். அந்தத் தனி விசாரணை இன்னும் வரவில்லை. கூர்ச்சீட்டைத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துப் பெட்டிக்காரன் மறுநாள் காலையில் "டீ சாப்பிடலாம் வாண்ணே" என்று கூப்பிட்டான்.

எனக்குத்தான் ஆனது. லைசென்ஸ் ரத்தாகவில்லை, ஆனால் மார்ச்சுக்குள் புதுப்பிக்க வேண்டும். பண்ணைக்காரர் இனி கையெழுத்துப் போட மாட்டார். நிலம் உள்ள வேறு நான்கு பேரிடம் போனேன். ஒருவர் "அவர எதுக்குப் பகைச்சிக்கணும்" என்றார். ஒருவர் வீட்டில் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லி அனுப்பினார். மூன்றாவது ஆள் உட்கார வைத்து மோர் கொடுத்தார். "கையெழுத்து ஆவட்டும், எனக்கு ஒரு அவசர வரி ஆவுமா?" என்று கேட்டார். மோரை வைத்துவிட்டு வந்தேன். நான்காவது ஆளைப் பற்றி எழுத இந்தக் காகிதம் வீண்.

என் பெண்சாதிதான் சொன்னாள், இவனுங்க கால்ல ஏன் வுழணும், நாமளே ஒரு துண்டு நிலம் வாங்கி அதையே ஜாமீனாகக் காட்டு என்று. அவள் கம்மல் போனது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் கிடைத்தது. முள்ளும் சரளைக்கல்லும். எந்த முந்திரியும் அதில் பிழைக்காது.

கிரயப் பத்திரத்துக்குத் தாள் வேண்டும். என் மேசையிலிருந்து எனக்கே விற்றுக்கொண்டால் அதையும் எவனாவது மனுவாக எழுதிப் போடுவான். அதனால் பக்கத்துப் பெட்டிக்குப் போனேன். அவன் தாளை எடுத்து, முன்பக்கம் பார்க்காமலே திருப்பிப் போட்டு, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு நிமிராமல் கேட்டான்:

"எந்தத் தேதிண்ணே போடட்டும்?"

கிண்டல் இல்லை. பழக்கதோஷம்.

"இன்னைக்குத் தேதி போடு."

அதற்கு அவன் காலண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச் கடைசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நிலத்தைப் பார்க்க வந்தார். முள் குத்தாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"இதுல என்னய்யா வெளையும்?"

"ஒண்ணும் வெளையாது சார். என் பேர்ல இருக்குது, அது போதும்."

ஜாமீன்தாரர் என்று இருந்த இடத்தில் என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறு வாரம் லைசென்ஸ் வந்தது. பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் வந்தவன் போன தை மாசத்துத் தேதி கேட்டான். போடா என்றேன்.