காய்ச்சல் என்றால் வரும் சனம்

கொசு மருந்து அடிக்கும் வேலையில் சேர்ந்த அன்றே ஒன்று தெரிந்துவிட்டது. நான் போனால் வீடு காலியாகிவிடும். போடிமெட்டுச் சரிவில், ஏலத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், சட்டிபானையோடு சனம் வெளியேறிவிடும். நான் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வெறும் சுவருக்கு மருந்து அடிப்பேன். மலையில் நான் நுழையாத வீடு இல்லை. என்னை உட்காரச் சொன்ன வீடும் இல்லை. மலேரியாக்காரன் என்பதுதான் என் பெயர்.

ஒருநாள் போடி ஆஸ்பத்திரி டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளசுகள் வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறார்கள் என்று அவர் வெகுநாளாக விசாரித்து வந்தார்.

"பொழைக்க வச்சு அனுப்புறேன். போலீசுக்கும் ஊர் வாய்க்கும் பயந்து உள்ளயே பூட்டி வைக்கிறாக. ஆள் அண்டாமக் கெடக்குற பிள்ளைகதான் மறுபடியும் இங்கயே வருது. போய்ப் பாக்க ஒரு ஆளப் போடுங்கன்னா, ஜில்லா சுகாதார ஆபீசரு ரூல் இல்லங்குறாரு. செல்லத்தாயின்னு பதினாறு வயசுப் பிள்ளை, நீ மருந்தடிக்கிற தோட்டந்தான். பாத்துட்டு வர்றியா?"

"எனக்குப் பேசத் தெரியாதும்மா."

"பேச வேணாம். அவ பேசுனாக் கேளு, போதும்."

செல்லத்தாய் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆத்தா கதவைச் சாத்தப் பார்த்தாள். "அக்கம்பக்கம் ஏற்கெனவே மூஞ்சியத் திருப்புது. போயிருங்கய்யா." திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் வந்தேன். அதற்கடுத்த வாரமும். ஆத்தா கதவைச் சாத்துவதை விட்டாள். ஒருநாள் அந்தப் பிள்ளை, "வெளிய மழையாண்ணே?" என்றது. எனக்கு அதுவே பெரிய பேச்சு.

லயத்துச் சனம் தானாக ஒரு முடிவு கட்டியது. மலேரியாக்காரன் திரும்பத் திரும்பப் போகிறான் என்றால் காய்ச்சல்தான், சாகப் பார்த்தாள் என்று முன்னே கேட்டது வெறும் புரளி. பக்கத்து வீட்டு அக்கா மிளகு ரசம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தலை சீவிவிட்டாள். காய்ச்சலைப் பார்க்கப் போக நம் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மனசு நொந்தவரைப் பார்க்கத்தான் கால் வராது.

நான் இதைச் சொன்னதும் டாக்டரம்மா ஆபீசரை ஜீப்பில் லயத்துக்கே கூட்டி வந்துவிட்டார். ஆபீசர் எடுத்த எடுப்பில் என் மேல் பாய்ந்தார். "கொசு மருந்து அடிக்கிறவனுக்கு இங்க என்னய்யா சோலி?"

செல்லத்தாய் எழுந்து வந்தாள். "எனக்குக் காய்ச்சல் இல்லங்கய்யா. செத்துப் போகணும்னு இருந்தேன். இந்த அண்ணன் வந்தாக."

ரசம் கொண்டுவந்த அக்கா வாசலில் நின்று கேட்டுவிட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் உள்ளே வந்தாள். "எதுவா இருந்தா என்ன, ரசம் ஆறுது. குடி ஆத்தா" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

ஆபீசர் ஜீப்பில் ஏறும்போது, "ரூலை எழுதிக் கொண்டாங்கம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். அப்படித்தான் எங்கள் வேலையில் இப்படிப் போய்ப் பார்க்கும் வேலையும் சேர்ந்தது.

பிறகொரு நாள் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு செல்லத்தாயைப் பார்த்தேன். நின்று பேசுவாள் என்று நினைத்தேன். "நிக்க நேரமில்லண்ணே, வெரசாப் போகணும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மனசு நிறைந்துதான் போனது. ஆனாலும் அந்தப் பாதையில் நான் தனியாகத்தான் நின்றேன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பார்க்கப் போகும் வீட்டுக்கு நாம் தேவைப்படாத நாள் வரும்வரை போக வேண்டும். அந்த நாள் வந்துவிட்டால், வலித்தாலும், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.