பழைய நம்பர் பதினாலு

குழாய்க்காரர் வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தது வரலாற்றின் மேல் வைத்த ஆசையால் அல்ல. சங்க அறையில் ஒழுகிய குழாயை மாற்றப் போனவரை, கூட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று உட்கார வைத்துவிட்டார்கள். அப்படி உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது.

அந்த வருடம் சங்கம் ஞாயிற்றுக்கிழமை நடை ஒன்றை ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்களுக்குப் பழைய இடங்களைக் காட்டுவார்கள். ஊரின் முதல் அச்சகம் இருந்தது பதினாலாம் நம்பரில் என்று ஒரு பழைய கடிதத்தில் இருந்தது. பதினாலாம் நம்பரில் இப்போது இருப்பது குழாய்க்காரரின் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் சலூன். செயலாளர் அதன் சுவரில் பித்தளைப் பலகை அடித்தார். அன்றிலிருந்து மச்சானைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"இந்த நாற்காலியிலதான் அச்சுக்கோக்கறவர் உக்காருவாரு" என்பார் வருகிறவர்களிடம். நாற்காலி வாங்கி நாலு வருடம்.

ஒரு ஞாயிறு, நடையில் வந்த ஒரு பெண் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருடைய தாத்தா அங்கே அச்சுக்கோத்தவராம். "அடுத்த மாசம் எங்கப்பாவக் கூட்டிட்டு வரேன். அவருக்கு நடக்க முடியாது. ஆனா ஒரு தடவ பாத்துடணுங்கறாரு."

அடுத்த வாரம், அதே தெருவில் ஒரு கசிவைத் தேடிக் குழாய்க்காரர் பழைய தண்ணீர் இணைப்புப் பதிவேட்டைப் புரட்டினார். பழைய நம்பர் பதினாலு, புதிய நம்பர் இருபத்தேழு. ஒரு காலத்தில் யாரோ தெருவை மறுமுனையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். இருபத்தேழு, அவர் வேலை பார்க்கும் ஊர்த் தண்ணீர் பம்பு அறை. பதினெட்டு வருடம் முன்பு அதன் தரையைத் தோண்டியபோது ஒரு வாளி ஈயத்துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் முனையிலும் ஏதோ கிறுக்கல். உருக்கிக் குழாய் மூட்டுகளை அடைத்துவிட்டார். அவை அச்சு எழுத்துகள் என்று இப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் கூட்டத்தில் இரண்டையும் சொல்லிவிட்டார். செயலாளர் எழுந்தார்.

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"இருக்குங்க."

பலகை பம்பு அறைச் சுவருக்கு இடம் மாறியது. சலூனில் கூட்டம் குறைந்தது.

"சுவத்துல இருந்தது உன்ன என்னடா பண்ணுச்சு?" என்றாள் அக்கா. மச்சான் பேச்சையே நிறுத்திவிட்டார். சலூனைத் தாண்டும்போதெல்லாம் குழாய்க்காரர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு கடையில் முடி வெட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

சொன்னபடி அந்தப் பெண் அப்பாவோடு வந்தார். பம்பு அறையில் உட்கார ஒன்றும் இல்லை. பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். எதிர்ச்சாரியில் வேடிக்கை பார்த்த மச்சான், கடையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

குழாய்க்காரர் மூட்டுகளைக் காட்டினார். "ஐயா, உங்கப்பா கோத்த எழுத்தெல்லாம் இதுலதான் இருக்கு. தெரியாம உருக்கிட்டேன்."

பெரியவர் ஒரு மூட்டை விரலால் தடவினார்.

"ஒழுகுதா?"

"பதினெட்டு வருஷமா ஒரு சொட்டு இல்லீங்க."

"அப்பா கைபட்ட சாமான். அப்பிடித்தான் இருக்கும்" என்றார் பெரியவர். மகளைப் பார்த்து, குழாயைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

அவர்கள் போனபின் மச்சான் ஸ்டூலைத் தூக்கினார். குழாய்க்காரரின் தொப்பியைப் பார்த்தார்.

"மாப்ளே, உள்ள காடா வளந்து கெடக்கு. கடைக்கு வா."